நாலரை மீட்டர் துணி

சென்ற ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நம் பள்ளியின் பழைய மாணவரும் எழுபதுகளின் இறுதியில் குத்துச்சண்டையில் மாநில சாம்பியனுமாக இருந்த ஒருவரை, பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் அவருடைய வீட்டுத் திண்ணையில் சந்தித்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். தம் பெயரை நம் பழைய மாணவர் சங்க மலரில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அன்று நாங்கள் அழைத்தபடி அண்ணாச்சி என்றே இங்கும் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த நாட்களில், பால் வாங்கப் போகும் வழியில் நின்று, அவர் வேப்பமரக் கிளையில் தொங்கவிட்ட மணல்மூட்டையைக் குத்துவதைப் பார்ப்பேன். அருகே சென்று பேசும் துணிவு அப்போது வந்ததில்லை.

கருப்பட்டிக் காப்பியைக் குடித்து முடித்ததும், "தம்பி, கையை நீட்டுங்க" என்றவர், அலமாரியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து வந்தார். கையுறைக்குள் கட்டும் துணி அது. இன்றைய விதிப்படி நாலரை மீட்டர் வரை இருக்கலாம். பெருவிரலில் கண்ணியை மாட்டி, மணிக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றி, முட்டிகளின்மேல் மடித்து, விரலிடுக்குகளில் கொடுத்து வாங்கி அவர் கட்டிய வேகத்தில், எழுபதைத் தொட்ட விரல்கள் என்று சொல்லவே முடியாது. இறுக்கிவிட்டால் விரல் மரத்துப்போகும், தளர்ந்துவிட்டால் மணிக்கட்டு பிசகிவிடும் என்றார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய இரண்டு முட்டிகளில்தான் அடி இறங்க வேண்டும் என்று என் முட்டியைத் தட்டிக் காட்டினார்.

அவர் முதலில் கற்றது சிலம்பம். சிலம்பத்தின் காலடிப் பயிற்சியே தம்மைக் காப்பாற்றியது என்கிறார். ஆனால் சிலம்பத்தில் முழுவட்டம் சுழலலாம், குத்துச்சண்டையிலோ எதிராளிக்கு முதுகைக் காட்டுவது குற்றம் என்பதால், அந்தப் பழக்கத்தை மறக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்ததாம். "அடிக்கத் தெரிஞ்சவன் நிறையப் பேர் தம்பி, அடி படாம நிக்கத் தெரியணும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, இடது காலை முன்வைத்து, வலது குதிகாலைச் சற்றே தூக்கி, திண்ணையோரமாக இரண்டடி நகர்ந்து காட்டினார். செருப்பில்லாத அந்தக் கால்கள் தரையில் உரசும் ஓசைகூட எழவில்லை.

1980இல் முகமது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் மோதியபோது, மீட்டர்கேஜ் ரயிலேறி எழும்பூரில் இறங்கிப் போய்ப் பார்த்து வந்தவர் அவர். அலியின் உடல் கனத்திருந்ததாம். கால்கள் மட்டும் பழைய கால்களாகவே இருந்தனவாம்.

தோல்வியைப் பற்றிக் கேட்கத் தயங்கினேன், அவரே சொன்னார். ஓர் இறுதிப் போட்டியில், மூன்று சுற்றிலும் தாம் முந்தியதாகவே நம்பியிருக்க, நடுவர்கள் மூன்றுக்கு இரண்டு என்று எதிராளிக்குக் கொடுத்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைச் சேர்த்தும், 32 மட்டுமே சேர்த்த தென் கொரிய வீரர் பார்க் சி ஹனிடம் அதே மூன்றுக்கு இரண்டில் தோற்றதைப் படித்த நாளில் தமக்கு உறக்கம் வரவில்லை என்றார். அதன்பின் 1992 ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளிமுறை வந்தது. 2013இல் அது கைவிடப்படும்வரை, ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி கிடைத்தது. அதனால் எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் முகக் குத்தையே நாடி, விலாவில் அடிக்கும் கலையைக் கைவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார். நான் போனபோது பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களில் நால்வர் பெண்கள். அந்த நால்வரில் மிகச் சிறியவளின் கையில், நேற்று என் கையில் சுற்றிய அதே துணியை அண்ணாச்சி சுற்றிக்கொண்டிருந்தார். பதினொரு பேருக்கும் சேர்த்து மூன்று ஜோடி கையுறைகளே இருக்கின்றன. அவற்றிலும் ஒன்றின் தையல் விட்டிருக்கிறது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கப்போகிறேன். நண்பர்கள் தவறாமல் வர வேண்டும்.