மெனு கார்டு, மே மாதம்

மே 6, கிருஷ்ணகிரி

பெங்களூரு ரோட்டில் ஹோட்டல் வைத்திருக்கும் அண்ணனுக்கு மெனு கார்டு எழுதுகிறேன். அவர் மாதிரிக்குக் கொடுத்த கார்டில் எல்லாமே 'சுவையான', 'ஸ்பெஷல்'. சுவையான ரசம், ஸ்பெஷல் ஆம்லெட், சுவையான தயிர். இதில் எதைக் கேட்டு வாங்குவது? அத்தனையும் அடித்துவிட்டேன்.

அம்மாவின் டெஸ்ட் ரிப்போர்ட் நாளைக்காம்.

மே 7

வரவில்லை.

மே 9

களிக்கு என்ன எழுதுவது என்றே மனசு ஓடுகிறது. பெங்களூரு ரோட்டில் போகிறவர்களில் பலர் களியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். 'ஆரோக்கியமான பாரம்பரிய உணவு' என்று போடலாம் என்கிறான் கார்டை டைப் செய்யும் டிடிபி தம்பி. அதைப் படித்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது, பசி வராது. அம்மா கிண்டுவதை நினைத்துக்கொண்டேன். நொய் குழைய வெந்ததும் மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி பண்ணி, மூடி வேகவிட்டு, கட்டி தட்டாமல் கிண்டுவாள். தோள் வலிக்கும் வேலை. கார்டில் இவ்வளவுக்கும் இடமில்லை. கடைசியில் இப்படி:

"கேழ்வரகுக் களி. நொய் சேர்த்துக் கிண்டி, சுடச்சுட உருட்டியது. கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்குங்கள். நாட்டுக்கோழிக் குழம்போ கீரைக் கடைசலோ கூட வரும்."

மெல்லக் கூடாது என்று சொல்லியே ஆக வேண்டும். மென்றால் வாயெல்லாம் ஒட்டும், அத்தோடு களியே வேண்டாம் என்று போய்விடுவார்கள்.

மே 10

அம்மா அரை இட்லி சாப்பிட்டாள்.

மே 12

மீனில் சண்டை. 'ஒகேனக்கல் மீன் வறுவல்' என்று போட்டால் வண்டி நிற்கும் என்கிறார் அண்ணன். நிற்கும்தான். ஆனால் நமக்கு வருவது இங்கே கிருஷ்ணகிரி பக்கத்துக் கேஆர்பி டேம் மீன். ஒகேனக்கல் காவிரி, இது தென்பெண்ணை. டேம் பக்கத்திலேயே வறுத்துக் கொடுக்கிறார்கள், அதைச் சாப்பிடவே ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நம்ம ஊர்ப் பேருக்கு என்ன குறை?

"யாருக்குத் தெரியப் போகுது பாப்பா?"

எனக்குத் தெரியுமே அண்ணா என்றேன். எழுந்து போய்விட்டார்.

"டேம் மீன் வறுவல். நீங்கள் சொன்ன பிறகே மசாலா தடவிக் கல்லில் போடுவோம். கொஞ்சம் பொறுக்க வேண்டும்." இதை மாற்ற மாட்டேன்.

அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மே 13

தூக்கம் இல்லை. ரசத்துக்கு ஒரு வரிகூட வரவில்லை.

மே 15

மாங்காய் மட்டும் சுலபமாக வந்தது. இங்கே மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரி லாரியாகப் போவது 'பெங்களூரா' என்ற ரகம். அதைத் 'தேன்' என்று எழுதினால் பொய். பழுத்தாலும் லேசாகப் புளிக்கும், கடித்தால் கெட்டி, அதுதான் அதன் அழகு. "பெங்களூரா மாங்காய்க் கீற்று, உப்பு, மிளகாய்த்தூள். சீசனில் மட்டும்." ஜூஸுக்கு அல்போன்சா. அதையும் பெயர் சொல்லியே எழுதினேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கீரைக் கடைசலில் பூண்டு எங்கே என்றாள். சேர்த்துவிட்டேன்.

மே 17

மீனுக்கு அண்ணன் சரி என்றுவிட்டார். விலை மட்டும் சொல்லவில்லை. பிரஸ்ஸில் திங்கட்கிழமைக்குள் கேட்கிறார்கள். விடிகாலை 5 மணிக்குச் சேலம் கிளம்ப வேண்டும். லேப்டாப்பையும் எடுத்துப் போகிறேன். ரசம், மோர், கொள்ளுத் துவையல் பாக்கி.