சாரதியின் வழக்கு முடிந்தது, மிஷினின் வழக்கு தொடங்கியது

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் உழவு மிஷின் (டிராக்டர்) வைத்திருப்பவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் முதிரை மரக் குற்றி ஏற்றியதென்று எங்கள் மிஷினையும் அதன் இழுவைப் பெட்டியையும் பிடித்தார்கள். ஓட்டியது எங்களிடம் கூலிக்கு நின்ற தம்பி. பதிவுப் புத்தகம் என் பெயரில்.

தம்பி நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். சரி, இனி மிஷினை விட்டுவிடுவார்கள் என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அது அப்படியில்லை. வனக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி சாரதி குற்றவாளி ஆனதும் வாகனம் பறிமுதலுக்கு உரியதாகிவிடுகிறது. உரிமையாளர் வேறு ஆளாக இருந்தால், இப்படி நடக்காமலிருக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், 2009ஆம் ஆண்டின் 65ஆம் இலக்கத் திருத்தத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. சாரதி விடுதலையானால் இந்தப் பிரிவில் பறிமுதல் என்ற பேச்சே இல்லை. அதாவது அவர் கூண்டில் சொல்லும் ஒரு சொல்லில் நம்முடைய மிஷின் தொங்குகிறது. அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன்பே உரிமையாளரும் ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பது நல்லது, அதுவும் வேறு சட்டத்தரணி, ஏனென்றால் "முதலாளி சொல்லித்தான் போனேன்" என்று சாரதி சொன்னால் இரண்டு பேருக்கும் ஒருவரே எப்படிப் பேசுவது?

உரிமையாளரைக் கேட்காமல் பறிமுதல் செய்ய முடியாது, அதை இலங்கை உயர் நீதிமன்றம் 1987இல் மனவடு என்ற லொறி உரிமையாளரின் வழக்கிலேயே சொல்லிவிட்டது. அதனால்தான் வாகன விசாரணை என்று தனியாகத் தவணை போட்டார்கள். மிஷின் பொலிசில் வெயிலும் மழையும் பட்டுக் கிடக்க, பெரும்போக உழவு எங்களைத் தாண்டிப் போனது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விசாரணையில் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். "காட்டுப் பக்கம் போகாதே என்று சொன்னேன்" என்பதோடு நின்றிருந்தால் மிஷின் போயிருக்கும், சொல்வதை யாரும் சொல்லலாம். கைகொடுத்தது எங்கள் கூலிக் கொப்பிதான். யாருடைய வயல், எத்தனை ஏக்கர், எவ்வளவு டீசல், மிஷின் திறப்பு (சாவி) எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்று என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது, ஓயில் கறையோடு அதை நீதிமன்றத்தில் அடையாளமிட்டார்கள். அன்று உழவுக்குக் கேட்டிருந்த வயற்காரரும் வந்து, மிஷின் தன் வயலுக்கென்றுதான் புறப்பட்டது என்று சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் டீசலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள், கொப்பியைப் பார்த்தே பதில் சொன்னேன்.

மிஷினை விடுவித்துக் கட்டளை வந்தது. பறிமுதல் என்று வந்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மீளாய்வு மனுவோடு போக ஆயத்தமாகத்தான் இருந்தோம். லீசிங்கில் எடுத்த மிஷின் என்றால் கம்பனிக்கும் உடனே அறிவியுங்கள், முழு உரிமையாளர் என்று புத்தகத்தில் இருப்பது அவர்கள் பெயர், விசாரணையில் அவர்களும் வந்து பதில் சொல்ல வேண்டி வரும்.