மண்டபத்து மீட்டர்

தங்கை கல்யாணத்துக்குக் கும்பகோணத்தில் மண்டபம் பிடித்தபோது, ஒப்பந்தத்தில் வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மின்சாரம் ஏழாவது விதியில், பொடி எழுத்தில் இருந்தது: 'மின்கட்டணம் மீட்டர்படி. ஜெனரேட்டர் மணிக்கணக்கில், டீசல் உட்பட.'

முகூர்த்தம் முடிந்து வாழைமரத்தை அவிழ்க்கும் நேரத்தில் மேனேஜர் ரீடிங் சீட்டோடு வந்தார். முதல் நாள் மாலையிலிருந்து 11 நகர்ந்திருந்தது. பரவாயில்லையே என்றேன்.

"அதை 40-ஆல் பெருக்கணும் தம்பி."

440 யூனிட்! பகல் கொள்ளை என்று மாமா குதித்தார். கொள்ளை இல்லை. பெரிய இணைப்புகளில் மொத்தக் கரண்டும் மீட்டருக்குள் போவதில்லை. சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) என்ற வளையம் 200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும். 200-ஐ 5-ஆல் வகுத்தால் 40. கணக்கு சரிதான். ஒப்பந்தத்தில் அந்த 40 எங்கேயும் இல்லை என்பதுதான் என் சண்டை.

அப்புறம் ஜெனரேட்டர். 62.5 கே.வி.ஏ. என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள், அதில் உண்மையாக வேலைக்கு ஆகும் பங்கு (பவர் ஃபேக்டர்) 0.8 என்றால் அது 50 கிலோவாட்தான். மேலே ஏ.சி., கீழே கிரைண்டர், நடுவே கச்சேரிக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர். ஒரு தடவை டிரிப் ஆகி நாதஸ்வரம் மட்டும் இருட்டில் ஒலித்தது (அது நன்றாகவே இருந்தது). ஓடியது இருபது நிமிடம், வாங்கியது ஒரு மணிநேரக் காசு.

போன மாதம் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வேறொரு மண்டபம். பெருக்கும் எண், ஜெனரேட்டரின் குறைந்தபட்ச நேரம், இரண்டையும் பேனாவால் எழுதித் தரச் சொன்னேன். அங்கிருந்த மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் ஈ.பி.யிலயா வேலை?"