மின்கையொப்பமும் என் இனிஷியலும்

ஆதாரில் என் பெயருக்கு முன்னால் ஒரு ‘கே’ இருக்கிறது. பான் அட்டை இனிஷியலை ஏற்காது என்பதால், அங்கே அந்தக் ‘கே’ விரிந்து குப்புசாமியாகி, பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறது. இந்த ஒற்றை எழுத்தால் 2024இல் ஒரு சப்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எனக்கு 23 நாள் ஆனது. பெங்களூரில் தொழில் செய்யும் தமிழர்கள் பாதிப் பேருக்காவது இந்த இனிஷியல் சங்கடம் இருக்கும்.

ஸ்ரீராமபுரத்தில் சீருடை தைக்கும் சிறிய பட்டறை என்னுடையது. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனம் தன் காவலர்களுக்கு 600 செட் கேட்டது. ஒப்பந்தம் அவர்களுடைய மென்பொருளிலிருந்து இணைப்பாக வந்தது. முத்திரைக் கட்டணம்கூட அதிலேயே முடிந்துவிட்டது. செல்பேசித் திரையில் விரலால் கையெழுத்தைக் கிறுக்கி அனுப்பிவிட்டு, அன்றே துணிக்கு முன்பணமும் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கொள்முதல் பிரிவிலிருந்து அழைப்பு. “மேடம், அது வெறும் படம். எங்கள் சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளாது.” கிறுக்கியது செல்லவே செல்லாது என்பதில்லை. மின்வழியில் ஏற்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் நாளை தகராறு என்று வந்தால், போட்டது நான்தான் என்று நிரூபிக்க அவர்கள்தான் அலைய வேண்டும். ஆதார் வழிக் கையொப்பத்துக்கும், டோக்கன் எனப்படும் சிறு யூஎஸ்பி கருவியில் வரும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் அப்படியில்லை. பேனாவால் போட்ட கையெழுத்துக்குள்ள மதிப்பைச் சட்டமே கொடுக்கிறது. கோபம் வந்தாலும், நியாயம் அவர்கள் பக்கம்தான்.

சரி, ஆதார் என்று உட்கார்ந்தேன். ஓடிபி வந்தது, போட்டேன். ‘பெயர் பொருந்தவில்லை.’ மூன்று முறையும் அதே பதில். மென்பொருளின் உதவி எண்ணில் பேசிய பையன், “ஒப்பந்தத்தில் பெயரை ஆதாரில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள்” என்றான். கொள்முதல் குமாஸ்தாவோ, “ஜிஎஸ்டியில் உள்ளபடி பான் பெயர்தான் இருக்கும், நான் கைவைக்க முடியாது” என்றார். இருவருக்கும் நடுவே நான்கு நாள் பந்தாக உருண்டேன்.

ஆதாரையே மாற்றிவிடலாம் என்று ஒரு வேலைநாளைக் கெடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்றலாமாம். கல்யாணத்தின்போது கணவர் பெயரின் எழுத்துக்கு மாறியது ஒன்று, பிறகு மனம் கேட்காமல் அப்பாவின் ‘கே’வுக்கே திரும்பியது இன்னொன்று. என் கணக்கு தீர்ந்திருந்தது. இனி மண்டல அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதை வாசலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

தம்பி குறுக்குவழி கண்டுபிடித்தான். “அக்கா, எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடு. நான் போட்டுவிடுகிறேன்.” அந்தப் பவரையும் மின்கையொப்பத்திலேயே முடிக்கலாம் என்பது அவன் திட்டம், மென்பொருளில் அதற்குப் படிவம்கூட இருந்தது. நல்லவேளை, அல்சூரில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். “படிவம் இருந்தால் சட்டம் ஆகிவிடுமா, அம்மா?” என்று சிரித்தார். பவர் பத்திரம், உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அது பொருந்தாத ஆவணங்களாக இருக்கின்றன. அவற்றுக்கு மின்கையொப்பம் உதவாது. ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்கு 2022இல் விலக்குக் கொடுத்தார்கள். என் தம்பி யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.

கடைசியில் வழி திறந்தது ஆடிட்டர் அலுவலகத்தில். பான் அட்டையைக் கொண்டு வாங்கும் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் சான்றிதழில் பானில் உள்ள பெயரே வரும். விண்ணப்பம், அட்டையைக் காட்டி ஒரு சிறு வீடியோ, இரண்டு நாளில் டோக்கன். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது உதவியாளர், “இங்கேயே இருக்கட்டும் மேடம், எல்லாரும் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்” என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே முப்பது நாற்பது டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பேண்டு, அதில் செருகிய துண்டுச் சீட்டில் பின் எண். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளை அடுக்கி வைத்திருப்பதைப்போல் இருந்தது. அந்த டோக்கனைக் காப்பது உரியவரின் கடமை என்று அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. என்னுடையது என் பீரோவில் இருக்கிறது. உங்களுடையது ஆடிட்டரிடம் இருந்தால் இன்றே போய் வாங்கி வாருங்கள்.

கையொப்பம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் அதே குமாஸ்தா. “மேடம், மஞ்சள் கேள்விக்குறி காட்டுகிறது. செல்லாது.” கையொப்பத்தில் குறையில்லை; அவருடைய கணினிக்கு இந்தியாவின் மூலச் சான்றிதழ் அறிமுகமில்லை, அவ்வளவுதான். கேள்விக்குறியைச் சொடுக்கி, சான்றிதழைத் திறந்து, உச்சியில் சான்றளிப்போரின் கட்டுப்பாட்டாளர் (சிசிஏ) பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தொலைபேசியிலேயே படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “பச்சை டிக் வந்துவிட்டது” என்றார். 23 நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கையொப்பமிட்ட பிடிஎஃப்பை அளவு குறைக்கவோ, அச்சிட்டு ஸ்கேன் செய்யவோ கூடாது. கையொப்பம் கோப்புக்குள் இருக்கிறது. தாளில் தெரிவது அதன் நிழல். பழைய கோப்பைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் தப்பித்தேன். முதல் பிரதியை இணையதளத்தில் ஏறவில்லையே என்று சுருக்கி, பாழாக்கியிருந்தேன்.

அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கடன் கேட்க வங்கிக்குப் போனேன். கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்றேன். அதிகாரி கேட்கவில்லை. அச்சிட்டு, முத்திரை குத்தி, பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். 14 பக்கம். வழக்கம்போல் ‘கே’ சேர்த்துத்தான் போட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.