ஹீதருக்கு அடியில்: மலை லிவர்வோர்ட் கணக்கெடுப்பு

மேற்கு ஸ்காட்லாந்து மலைகளில் அரிய லிவர்வோர்ட் (பாசியைப் போன்ற, பூக்காத சிறு தாவரம்) தேடும்போது முதலில் வெளியே எடுக்க வேண்டியது திசைமானி. வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட முகம், செங்குத்துச் சரிவு, பாறைகளுக்கு நடுவே முழங்கால் உயர ஹீதர் புதர், ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மழை. இத்தனையும் கூடிய இடத்தில் புதரை விலக்கினால் ஹெர்பெர்ட்டஸ், ப்ளூரோசியா பர்ப்யூரியா என்ற லிவர்வோர்ட்கள், முன்னது ஆரஞ்சுப் பழுப்பிலும் பின்னது கருஞ்சிவப்பிலும், மெத்தையாகக் கிடக்கும். வெயில் நேரே விழும் தெற்குச் சரிவில் தேடுவது பெரும்பாலும் வீண். ஆர்க்டிக்கில் கதை வேறு. பனி கடைசியாக உருகும் குழிகளில் ஆந்தீலியா என்ற லிவர்வோர்ட் சாம்பல் பொருக்காகப் படிந்திருக்கும், வளரக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

மெத்தையில் இருப்பவற்றின் பரவல் விசித்திரமானது. ஸ்காபானியா ஆர்னிதோபோடியாய்டிஸ் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நார்வே, ஃபாரோ தீவுகளில் இருக்கிறது. அடுத்து இமயமலையிலும் சீனாவின் யுன்னானிலும். இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் ஐரோப்பாவில் வித்து (ஸ்போர்) விட்டதாகவே பதிவில்லை. ஒடிந்த துண்டு ஈரத்தில் ஒட்டி வளர்ந்தால்தான் உண்டு. துண்டு எவ்வளவு தூரம்தான் போய்விடும்? ஆட்டுக்கும் வேட்டைப் பறவைக்கும் இளந்தழை வேண்டுமென்று ஹீதரைக் கொளுத்தினால், சில ஆண்டுகளில் ஹீதர் தழைத்துவிடும், மெத்தை வராது. தூரத்தில் நின்று பார்த்து 'புதர் நன்றாக இருக்கிறது' என்று படிவத்தை நிரப்புவது சகஜமான தவறு. குனிந்து கையை விட்டுப் பார்க்காத பதிவு எதற்கும் உதவாது.

மாதிரிக்கு மூன்று நான்கு தண்டு போதும். கைப்பிடி அளவு பிய்த்தால் அந்த ஓட்டை நெடுநாள் அப்படியே இருக்கும். மடித்த காகிதப் பொட்டலத்தில் இடவேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பொட்டலத்தின் மேல் பென்சிலால் உயரம், சரிவின் முகம், கூட வளர்ந்தவை எல்லாம் எழுதிவிட வேண்டும்; பேனா மை மழையில் கரைந்துவிடும். செங்குத்துப் பாறையடியில் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால், 'பிளந்த பாறைக்குக் கீழே, ஓடைக்கு இடப்புறம்' என்று ஒரு வரியும் சேர்ப்பது நல்லது.

ஊர் திரும்பியதும் அன்றோ மறுநாளோ நுண்ணோக்கி வேலையை முடித்துவிட வேண்டும். செல்லுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகளின் எண்ணிக்கை, வடிவம், நிறம் பார்த்துத்தான் பல இனங்களைப் பிரிக்கிறோம். உலர்ந்தால் அவை மறைந்துவிடும், திரும்ப நனைத்தாலும் வராது. சாயம் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர், 400 மடங்கு. அதற்கு முன் கைலென்ஸில் தண்டைப் புரட்டி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். ஹெர்பெர்ட்டஸில் இலை இரண்டு நீண்ட விரலாகப் பிளந்திருக்கும், அடியிலையும் ஏறக்குறைய அதே அளவு. ஸ்காபானியாவுக்கு அடியிலையே கிடையாது. பசானியா என்ற இன்னொரு லிவர்வோர்ட்டுக்கு இலை நுனியில் மூன்று பல்.