குவெரி கேஷ் போனதில் எனக்கு வருத்தமில்லை

டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விதான் குவெரி; அதன் முடிவைச் சேமித்து வைத்து, மறுபடி கேட்டால் அதையே கொடுப்பது குவெரி கேஷ். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 8.0 பதிப்பில் அது கிடையாது என்று தெரிந்ததும் எங்கள் டீமில் பாதிப் பேர் பதறிவிட்டார்கள். அதை எடுக்கப்போகிறோம் என்று 2017-லேயே, 5.7.20 வந்தபோதே சொல்லிவிட்டார்கள்தான், ஆனால் ரிலீஸ் நோட்ஸை யார் படிக்கிறார்கள்? நாங்கள் நடத்தியது ஆன்லைனில் துணி விற்கும் தளம். தீபாவளி நேரத்தில் கேஷ் இல்லாமல் என்ன ஆவது என்று பயம்.

உண்மையில் அந்தக் கேஷால் எங்களுக்குப் பெரிய உபகாரம் எதுவும் இருக்கவில்லை. குவெரியை எழுதியது எழுதியபடியே வைத்துத்தான் அது முடிவைத் தேடும். நடுவில் ஒரு ஸ்பேஸ் கூடினால்கூட அதற்கு அது வேறு குவெரி. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் டேபிளில் ஒரே ஒரு வரி மாறினாலும் அந்த டேபிளைத் தொட்ட எல்லா முடிவுகளையும் தூக்கி எறிந்துவிடும் பாருங்கள், அங்கேதான் சிக்கல். எங்கள் பொருள் டேபிளில் 'எத்தனை பேர் பார்த்தார்கள்' என்று ஒரு ஃபீல்டு உண்டு. யாரோ ஒருவர் ஒரு சுடிதார் பக்கத்தைத் திறந்தால் அந்த எண் ஒன்று கூடும், உடனே வேட்டி முதல் துண்டு வரை எல்லாவற்றின் கேஷும் காலி. கூட்டம் கூடக்கூட இது இன்னும் மோசமாகும். போதாததற்கு கேஷைத் தொட எல்லா த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே பூட்டுக்காக வரிசையில் நிற்க வேண்டும் என்பதால், கோர் அதிகமுள்ள சர்வர் வாங்கினால் நெரிசல்தான் கூடியது.

டேட்டாபேஸைத் திட்டியும் பயனில்லை. பார்வை எண்ணிக்கை பழசாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஸ்டாக் பழசாக இருந்தால் வாடிக்கையாளர் போன் போட்டுக் கத்துவார் என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்?

தகவலை மெமரியில் வைத்து வேகமாகக் கொடுக்கும் ரெடிஸுக்குக் கேஷை மாற்றினோம்; எதை எவ்வளவு நேரம் வைப்பது என்பதை இனி நாங்களே முடிவு செய்யலாம். கோடு எழுதுவது சுலபமாக முடிந்தது. எந்தத் தகவல் எவ்வளவு நேரம் பழசாக இருக்கலாம் என்று குடோன்காரர்களிடமும் அக்கவுண்ட்ஸிலும் கேட்டு வாங்குவதுதான் பெரிய வேலை. எல்லோரும் முதலில் சொல்வது "உடனே தெரியணும்". "அண்ணே, விலையை எப்போ எப்போ மாத்துவீங்க?" என்று கேட்டால், "காலையில ஒரு தடவைதான் தம்பி" என்பார்கள். சரி, அப்புறம் எதற்கு ஒவ்வொரு நொடியும் டேட்டாபேஸைக் குடைய வேண்டும்? விலை மாறும்போது மட்டும் அந்தக் கீயை (ரெடிஸில் ஒரு தகவலுக்கு வைக்கும் பெயர்), அதாவது பழைய விலையை, அழித்தோம். பட்டியல் பக்கங்களுக்குப் பத்து நிமிட ஆயுள். பார்வை எண்ணிக்கையை ரெடிஸிலேயே கூட்டி, அவ்வப்போது டேட்டாபேஸில் எழுதினோம். பணம் கட்டும் இடத்தில் ஸ்டாக்குக்கு மட்டும் கேஷே வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

தீபாவளிக்கு முன் வேறொரு தலைவலி வந்தது. முகப்புப் பக்கத்தின் கேஷ் ஆயுள் முடிகிற அந்த நொடியில் வருகிற அத்தனை பேருக்காகவும் அதே கனமான குவெரி டேட்டாபேஸில் ஒன்றாகப் போய் விழுந்தது. ஃபேஸ்புக் 2013-இல் மெம்கேஷ் (இதுவும் ரெடிஸ் மாதிரி மெமரியில் வைக்கும் கேஷ்தான்) பற்றி வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: புதுசாகக் கொண்டுவரும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர்களைச் சற்றுக் காக்க வைப்பது அல்லது பழசையே கொடுப்பது. ரெடிஸில் ஒரு சின்ன பூட்டு வைத்து அதையே செய்தோம். ஆயுளையும் கீக்குக் கீ கொஞ்சம் மாற்றி வைத்ததில் எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாவதும் நின்றது.

இதற்கு நடுவில், கேஷ் கேட்டு வந்த குவெரிகளில் பலவற்றுக்குச் சரியான இண்டெக்ஸே (வரிகளைச் சட்டென்று தேட உதவும் அட்டவணை) இல்லை என்று தெரிந்தது. அதைப் போட்டதும் கேஷ் தேவைப்படவில்லை. மாதாந்திர ரிப்போர்ட் மட்டும் இன்றும் மெதுவாகத்தான் வருகிறது. அதைப் பார்ப்பது முதலாளி ஒருவர்தான், அவரும் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.