பெரியப்பாவின் கணினியும் ஒரு மீட்பு வட்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் கணினி சென்ற மாதம் ஒரு நாள் காலையில் இயங்கவில்லை. கறுப்புத் திரையில் இயங்குதளத்தைக் காணவில்லை என்ற ஒற்றை வரி மட்டும் நின்றது. முந்தைய இரவு மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்ததாகப் பெரியம்மா சொன்னார். அருகில் உள்ள கடையில் காட்டியபோது, வன்தட்டில் உள்ளதை அழித்து ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஊரின் கரையேறவிட்டகுப்பத்தைப் பற்றியும் பாடலீசுவரர் கோயிலைப் பற்றியும் ஐந்தாண்டுகளாகப் பெரியப்பா தட்டச்சு செய்த குறிப்புகள் அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தன. ஆகவே அவர் அதற்கு ஒப்பாமல் என்னை அழைத்தார்.

நான் எடுத்துச் சென்றது சிஸ்டம்ரெஸ்க்யூ என்னும், பழுதான கணினியை மீட்க உதவும் லினக்ஸ் இயங்குதள வட்டு. இப்போதைய பதிப்பு 700 எம்பி குறுந்தகட்டில் அடங்காது என்பதால் டிவிடியில் பதிந்திருந்தேன். வட்டின் முழு வடிவமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பைப் போல வட்டில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது, அதை இமேஜாகவே பர்ன் செய்ய வேண்டும். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையை மாற்றி டிவிடியை முதலில் வைத்ததும், இயங்குதளம் வன்தட்டின் துணையின்றி வட்டிலிருந்தே தொடங்கி இயங்கியது. நாமாக வன்தட்டை அந்த இயங்குதளத்தோடு இணைக்காதவரை (மவுண்ட் செய்யாதவரை) அதில் ஓர் எழுத்துகூட எழுதப்படுவதில்லை என்பதே இந்த முறையின் பெரிய நன்மை.

வன்தட்டு தென்பட்டது, ஆனால் சில இடங்களைப் படிக்க முடியாமல் திணறியது. இத்தகைய நிலையில் பலர் உடனே பழுதுநீக்கும் கருவியை ஓடவிடுகிறார்கள். அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அந்தக் கருவிகள் வன்தட்டிலேயே எழுதுகின்றன. நலிந்த தட்டு அந்த வேலையின் நடுவிலேயே முழுதாகச் செயலிழந்துவிடலாம். முதலில் பிரதி எடுக்க வேண்டும். அதற்கான டிடிரெஸ்க்யூ என்னும் நிரல் அந்த வட்டிலேயே இருக்கிறது. எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது என்பதால், தட்டு இடையில் இறந்துபோனாலும் பெரும்பகுதி கையில் இருக்கும். 320 ஜிபி தட்டின் பிரதியை 500 ஜிபி வெளித்தட்டில் எழுதச் செய்தேன்.

மின்சாரம் போய்ப் போய் வரும் கடலூரில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதுவரை படித்திருக்கிறது என்பதை டிடிரெஸ்க்யூ ஒரு மேப் கோப்பில் குறித்து வைக்கிறது. கட்டளையில் அந்தக் கோப்பின் பெயரைத் தராவிட்டால் அது உருவாவதே இல்லை; பெயரை மட்டும் தந்து இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் அது நினைவகத்தில் உருவாகி, மின்சாரம் போனவுடன் அழிந்துவிடும். நான் அதையும் வெளித்தட்டில் வைத்திருந்தேன். பிற்பகலில் மின்சாரம் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது, அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தவுடன் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது.

மறுநாள் காலையில் பிரதி முடிந்தது. கோப்புகளை அந்தப் பிரதியிலிருந்தே எடுத்தோம். பெரியப்பாவின் குறிப்புகள் முழுவதும் கிடைத்தன. புகைப்படங்களில் இரண்டு மட்டும் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகிவிட்டன. பழைய வன்தட்டைக் கழற்றி, தேதியிட்டு, அலமாரியில் வைத்துவிட்டோம்.